ஐப்பசியில் கை காலி

போன மாதம் ஒரு நாள் காலை எட்டரை மணி இருக்கும். சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். குரலில் அழாத குறை. தீபாவளிக்கு ஊருக்கு வர டிக்கெட் போட உட்கார்ந்தாளாம். தாம்பரம் - செங்கோட்டை ரயிலில் திருத்துறைப்பூண்டி வரைக்கும் பார்த்திருக்கிறாள். முன்பதிவு தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காத்திருப்போர் பட்டியல்தான். முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னாலேயே டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாக்கிவிட்டார்கள்.

"டிக்கெட் ஒரு பக்கம், வீட்டுல எல்லாருக்கும் துணி ஒரு பக்கம், ஆபீஸ்ல லீவு கேக்கறது ஒரு பக்கம். தீபாவளின்னாலே பயமா இருக்குப்பா. உங்க காலத்துல இப்படியெல்லாம் இருந்திருக்காதுல்ல?"

"அதெல்லாம் இல்லம்மா. நாங்க நிம்மதியா இருந்தோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு உறுத்தத் தொடங்கியது. 1979 முதல் 2013 வரை, முப்பத்துநான்கு வருஷம் இந்தப் பக்கத்துக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். நகைக்கடன் பதிவேட்டை முப்பத்துநான்கு வருஷம் புரட்டியவன் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது.

அந்தப் பதிவேட்டைத் தேதி பார்க்காமல் புரட்டினாலே எது எந்த மாதம் என்று சொல்லிவிடுவேன். புரட்டாசி கடைசி வாரத்திலிருந்து பக்கங்கள் மளமளவென்று நிரம்பும். தோடு, மூக்குத்தி, தாலிக்கொடியில் கோத்த குண்டுமணி, குழந்தையின் அரைஞாண். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். கழற்றிய தோட்டை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். காதில் வேப்பங்குச்சி இருக்கும். பாதிக்கு மேல் தீபாவளிக் கடன்தான். விண்ணப்பத்தில் மட்டும் 'சாகுபடிச் செலவு' என்று எழுதச் சொல்வார்கள், நாங்களும் எழுதிக்கொள்வோம். மார்கழி வரை ஒரு நகையும் திரும்பிப் போகாது. தை பிற்பாதியிலும் மாசியிலும் மீட்க வருவார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதை ஏதோ ஆறுதல் வார்த்தை என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம். எங்கள் சங்கத்தில் அது கணக்கு.

ஏன் இப்படி என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

வேதாரண்யத்தில் பணம் வருகிற மாதங்கள் வேறு, பண்டிகை வருகிற மாதம் வேறு. உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் பாத்தி கட்டி, பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு வார ஆரம்பித்தால் புரட்டாசி வரை ஓடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிட்டால் அவ்வளவுதான். அம்பாரங்களைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு ஆள்காரர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அகஸ்தியம்பள்ளியிலும் கோடியக்காட்டிலும் அளத்தை நம்பிய குடும்பங்களுக்கு வேலை நிற்கிற மாதமும் தீபாவளி வருகிற மாதமும் ஒன்று. (ராஜாஜி 1930 ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பன்று திருச்சியில் புறப்பட்டு நடந்தே வந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். சித்திரையில் வந்ததால் சரியாகப் போயிற்று. ஐப்பசியில் வந்திருந்தால் எங்கள் ஊரில் சேறுதான் அள்ளியிருப்பார் என்று என் தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டும், சோற்று மூட்டையை மரக்கிளையில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள் ஜனங்கள். அந்தக் கதையைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.)

வயலும் அப்படித்தான். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை போட்டுவிடுவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை. தீபாவளிக்குக் களத்தில் நெல் கிடக்கும், கையில் காசு இருக்கும். நாம் கடைமடைக்கும் கடைசி. நமக்கு மழையை நம்பி நேரடியாக விதைக்கிற சம்பா ஒன்றுதான். ஐப்பசியில் விதை, உழவு, களை எல்லாவற்றுக்கும் செலவழித்து முடித்திருப்போம். அறுப்பதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். கோடியக்கரையில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மீன் பருவம். வெளியூர்க்காரர்களெல்லாம் வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். ஆனால் 'கடலுக்குப் போகாதீர்கள்' என்று ரேடியோவில் சொல்கிற நாட்களும் அந்த மாதங்களில்தான் அதிகம்.

பண்ணையாட்கள் இருந்த காலத்தில் மிராசுதார் வீட்டிலிருந்து தீபாவளிக்கு வேட்டி, புடவை, தலைக்கு எண்ணெய் வரும். அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற பெரியவர்கள் இன்னும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. வேட்டி கொடுத்தவர் அந்த வேட்டியைக் காட்டியே வருஷம் முழுக்க வேலை வாங்கினார். 1952-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது எதற்காக? அந்த வீடுகளில் தீபாவளிக் கவலை இல்லாமல் இருந்ததாகச் சொல்வதெல்லாம் கொடுத்தவர் வீட்டுக் கதை.

கை காலியாக இருப்பது ஒன்று. வானமும் நமக்கு எதிராக இருப்பது இன்னொன்று. கார்த்திகை தீபம், மார்கழி பஜனை, கிறிஸ்துமஸ் என்று நாம் கொண்டாடுகிற மாதங்களில்தான் வங்கக்கடல் புரண்டு படுக்கும். 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வந்தது. எனக்கு அது கேள்வி ஞானம். 1977 புயல் அப்படியில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

அந்த வருஷம் ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மன்னார்குடி பக்கம். தலைத் தீபாவளி. என் தகப்பனார் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை, இரண்டு ஏக்கர் மானாவாரி. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டே தீருவது என்று நின்றார். வீட்டில் ரொக்கமாக இருந்தது ஒரே ஒரு பணம்தான்: புரட்டாசியில் கூரை மாற்றுவதற்கு அம்மா அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தது. எங்கள் வீடு கீற்று வீடு. மழைக்கு முன்னால் பழைய கீற்றைப் பிரித்துப் புதுசு வேய்வதை அம்மா எந்த வருஷமும் தள்ளிப்போட்டதில்லை.

"இந்த ஒரு வருஷம் போகட்டும், தையில வேஞ்சுக்கலாம். மாப்பிள்ளை வெறுங்கையோட போனா ஊரு என்ன சொல்லும்?" என்றார் அப்பா.

"ஊரு வந்து கூரை போடுமா?" என்று அம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்டாள், அவ்வளவுதான். பணம் மோதிரமாகிவிட்டது.

தீபாவளி நன்றாகவே நடந்தது. கங்கா ஸ்நானம், லேகியம், இட்லிக்குக் கறிக்குழம்பு, மோதிரம். மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பஸ் இல்லை. நவம்பர் 12 சனிக்கிழமை விடிவதற்குள் புயல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையைக் கடந்தது. ஊளையிடும் காற்று என்று கதைகளில் எழுதுவார்கள். அன்றைக்குக் கேட்டது ரயில் தலைக்கு மேல் ஓடுகிற சத்தம். எங்கள் கூரை முதல் ஒரு மணி நேரத்திலேயே பிரிந்தது. மூன்று வருஷக் கீற்றாக இருந்தால் ஆச்சரியமில்லை. இது ஒரே ஒரு வருஷம் கூடுதலாக இருந்த கீற்று. இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சின்னம்மாவின் ஓட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா மட்டும் வாசல்வரை வந்தவள் திரும்பி உள்ளே ஓடினாள். அப்பா கத்துகிறார். எதை எடுக்கப் போனாளோ, நகைப் பெட்டியையோ என்று நினைத்தேன். முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மூடி வைத்துத் தகரக்காரரிடம் செய்தது.

அந்த ஓட்டு வீட்டில் பதினான்கு பேர் இரண்டு நாள் இருந்தோம். அடுப்பு மூட்ட விறகில்லை, தண்ணீரில் ஊறிக்கிடந்தது. தலைத் தீபாவளிக்குச் செய்த முறுக்கும் பொருள்விளங்கா உருண்டையும்தான் சாப்பாடு. மாப்பிள்ளை குழந்தைகளுக்கு உருண்டையை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது உடையாது, உலக்கையால்தான் தட்ட வேண்டும். இரண்டாம் நாள் இரவு அவர் மோதிரத்தைக் கழற்றி அப்பாவின் கையில் வைத்தார். "மாமா, இதை வச்சு மொதல்ல கூரையைப் போடுங்க. தையில திருப்பிக்கலாம்." அப்பா ஒன்றும் பேசவில்லை. கீற்றுக்குப் பஞ்சமில்லை, வழியெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் ஆள் கூலிக்கும்தான் மோதிரம் போயிற்று.

அந்தப் புயலில் தமிழ்நாட்டில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு வாரம் கழித்து நவம்பர் 19-இல் ஆந்திராவில் திவிசீமையை இன்னொரு புயல் அடித்து ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போனது. எங்களுக்குக் கூரையோடு போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் தீபாவளி அம்மாவின் கைக்கு வந்தது. அப்பா குறுக்கே பேசியதில்லை. அம்மா செய்த முதல் வேலை, தீபாவளியை மாசி மாதத்துக்குக் கொண்டுபோனது. மாசி மகத்துக்கு நம் கோயில் திருவிழாவில் துணிக்கடைகள் வரும் அல்லவா? அறுத்த நெல்லை விற்ற காசு அப்போது கையில் இருக்கும். கடைசி நாள் ராத்திரி, கடைக்காரர் மூட்டை கட்டுகிற நேரத்தில் போய் நாலு பேருக்கும் துணி எடுத்துவிடுவாள். அது ஐப்பசி வரை டிரங்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டையோடு கிடக்கும். தீபாவளியன்று கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் பத்தடிக்கு அந்த வாசனை வரும். 'அந்துருண்டை வீட்டுக்காரன்' என்று எனக்குப் பெயரே உண்டு. இருபத்தைந்து வயதில் அது பெரிய அவமானம். பிறகு சங்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் தோடு கழற்றுவதைப் பார்க்கப் பார்க்க அந்த வாசனை பிடித்துப்போய்விட்டது.

இரண்டாவது, கூரைக்குப் பிறகுதான் பலகாரம். ஆடியிலேயே கீற்று முடைந்துவிடுவாள். மூன்றாவது, பலகாரத்தில் ஒரு பங்கு கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும், அதைத் தீபாவளியன்று தொடக்கூடாது. மழை முடிகிற வரை அந்த டின் மூடியே இருக்கும். திருட்டுத்தனமாக நான் திறந்ததுண்டு.

'முன்கூட்டியே திட்டமிடுங்கள், மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகை டென்ஷன் போய்விடும்' என்று இப்போது பத்திரிகைகளில் டாக்டர்கள் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் சந்தோஷம் முதலில் வந்து திட்டம் பிறகு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. கூரை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அம்மா தீபாவளியன்று சிரித்து நான் பார்த்தேன்.

திட்டம் போட்டாலும் சறுக்கும் என்பதற்கு நானே சாட்சி. 1980-களில் எல்லா ஊரிலும் தீபாவளிச் சீட்டு பரவியது. வாரம் பத்து ரூபாய், ஐம்பத்திரண்டு வாரம். தீபாவளிக்கு இரண்டு கிலோ ஸ்வீட், பட்டாசுப் பெட்டி, ஒரு எவர்சில்வர் பாத்திரம், மிச்சம் ரொக்கம். நல்ல யோசனைதான். யோசனையின் சொந்த ஊர் அமெரிக்கா என்று பிற்பாடு படித்தேன். பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் 1909-இல் ஒரு வங்கி, ஜனங்களிடம் வாராவாரம் சிறுகச் சேர்த்து கிறிஸ்துமஸுக்கு முன்னால் மொத்தமாகத் திருப்பித் தர ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் கிளப் என்று பெயர். அங்கே நடத்தியது வங்கி. இங்கே நடத்தியது பெரும்பாலும் ஒரு ஆள், ஒரு நோட்டு, ஒரு சைக்கிள்.

1995-இல் அப்படி ஒருவரிடம் நான் ஐந்து அட்டை போட்டேன். பெயர் வேண்டாம், அவரும் இப்போது இல்லை. நான் போட்டதோடு நின்றிருந்தால் என் நஷ்டத்தோடு போயிருக்கும். 'சொசைட்டிக்கார சாரே போட்டிருக்காரு' என்று எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் பெண்கள் சேர்ந்தார்கள். என்னைக் கேட்டபோது 'நல்ல ஆளுதான், போடுங்க' என்று சொன்னேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது சேதி வந்தது. ஆள் ஊரில் இல்லை. வீடு பூட்டியிருக்கிறது.

அடுத்த மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. யாரும் வந்து சண்டை போடவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நாலாவது வீட்டு அம்மா, பூக்கட்டிச் சேர்த்த காசு அவருடையது, வழியில் பார்த்தபோது, "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி" என்றார். சட்டப்படி செய்யவும் அப்போது பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டு நடத்துவதற்குச் சட்டம் இருந்தது, 1982-இல் மத்திய அரசு போட்டது. பதிவு செய்யாத நோட்டுச் சீட்டுக்காரர் அந்தச் சட்டத்தை ஏன் கண்டுகொள்ளப் போகிறார்? ஏமாந்த முதலீட்டாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் 1997-இல்தான் வந்தது.

(நம்மூரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2006-இல் இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்ற கம்பெனி இதே மாதிரி கிறிஸ்துமஸ் சீட்டுப் பணம் வாங்கிக்கொண்டு அக்டோபர் மாதம் மூடிவிட்டது. ஏமாந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. பெரும்பாலும் கூலிக்கார வீட்டுப் பெண்கள்.)

எனக்கு அந்த வருஷம் போனஸ் வந்திருந்தது. 8.33 சதவீதம் என்றால் ஒரு மாதச் சம்பளம். அதைப் பதினோரு வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் வீட்டுக்குப் பாதித் தொகைகூட வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, காசாக் கொடுத்தா பாதிதான். எண்ணெயும் வெல்லமும் மாவுமா வாங்கினா எல்லாருக்கும் வரும்ல?" என்றாள்.

அப்படித்தான் எங்கள் தெருவுக்கு ஒரே அடுப்பு வந்தது. மொத்தமாக ஒரு டின் எண்ணெய், வெல்ல மண்டியிலிருந்து ஒரு சிப்பம் வெல்லம். அரிசி அவரவர் வீட்டிலிருந்து. எங்கள் கொல்லையில் கோட்டை அடுப்புப் போட்டு இரண்டு நாள் அதிரசமும் முறுக்கும் சுட்டார்கள். பூக்கட்டுகிற அந்த அம்மாவுக்கு அதிரசப் பாகு கைவந்த கலை என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பட்டாசு வீட்டுக்கு வீடு கிடையாது. தெரு முனையில் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் அரை மணி நேரம்.

இதைவிட முக்கியமான ஒன்றை அவள் பத்து நாள் முன்னாலேயே செய்துவிட்டாள். பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து, சீட்டு போன கதையை ஒளிக்காமல் சொன்னாள். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. "புதுத்துணி, பட்டாசு, சினிமா. மூணுல ஒண்ணுதான் முடியும். நீங்களே சொல்லுங்க." எனக்கு அது கொடுமையாகப் பட்டது. குழந்தைகளிடம் போய் இதையெல்லாமா? ஆனால் அவர்கள் இரண்டு நாள் தங்களுக்குள் பேசி, துணி என்று முடிவு செய்தார்கள், பட்டாசு தெருவில் பொதுவாகக் கிடைக்கும் என்ற கெட்டிக்காரத்தனத்தோடு. தீபாவளியன்று அழுகை, அடம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எதுவும் இல்லை. முதல் நாள் ராத்திரி வரை 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இழுத்துக்கொண்டிருந்த பழைய வருஷங்களில்தான் அதெல்லாம் நடந்தது. அப்பாக்கள் நிறையப் பேர் செய்கிற தப்பு அது. நானும் செய்திருக்கிறேன்.

ஒரே அடுப்பு ஆறேழு வருஷம் நடந்தது. பிறகு எல்லோர் வீட்டிலும் காஸ் வந்தது, கடைகளில் முறுக்கு விற்க ஆரம்பித்தார்கள், தானாக நின்றுபோயிற்று.

அரசு ஊழியர்களுக்குப் பண்டிகை முன்பணம் என்று ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். வட்டி இல்லை, பத்துத் தவணையில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். என் சிநேகிதர்கள் பலர் அதை வாங்கித்தான் தீபாவளி கொண்டாடினார்கள். அடுத்த தீபாவளி வருவதற்குள் அடைந்துவிடும், உடனே மறுபடி வாங்குவார்கள். உப்பளத்துக்காரர்களுக்கு அது கிடையாது. மழை மாதங்களுக்கென்று அவர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க அரசு சில வருஷங்களுக்கு முன்புதான் தொடங்கியது. என் தகப்பனார் காலத்தில் இருந்திருந்தால் அந்தக் கூரை நின்றிருக்குமோ என்னவோ.

2004 டிசம்பர் 26 பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. வேளாங்கண்ணியில் கூட்டம். நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எந்த டின்னும் எந்தத் திட்டமும் அதற்கு முன்னால் நிற்காது.

கஜா வேறு. அது சொல்லிவிட்டு வந்தது. 2018-இல் தீபாவளி நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. பட்டாசு வெடிக்க இரண்டே மணி நேரம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, நம் மாநிலத்தில் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று நேரம் குறித்த வருஷம். பிள்ளைகள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். சரியாகப் பத்தாம் நாள், 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அது கரையேறியது. முந்தின நாளே தாழ்வான இடத்து ஜனங்களை முகாம்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1977-இல் அந்த ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று அன்றைக்கு ராத்திரி நினைத்துக்கொண்டேன். தென்னையும் மாமரமும் முகாமுக்குப் போக முடியாதே. விடிந்து பார்த்தால் ஊர் எனக்கே அடையாளம் தெரியவில்லை. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கோடியக்காட்டில் மான்கள் செத்து மிதந்தன.

அம்மாவின் டின் அப்போதும் எங்கள் பரணில் இருந்தது. மனைவி மாமியாரின் வழக்கத்தை விடவில்லை. தீபாவளி முறுக்கில் ஒரு பங்கு, கூடவே டார்ச், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மாத்திரைகள். நாலு வீட்டுக் குழந்தைகள் எங்கள் மாடிப்படி அடியில் உட்கார்ந்து அந்த முறுக்கைத் தின்றார்கள். எனக்கு 1977 கண்ணில் வந்து போனது.

நவம்பர் 23 கார்த்திகை தீபம். கரண்ட் இன்னும் வரவில்லை. 'இந்த வருஷம் என்ன தீபம் வேண்டிக்கிடக்கு' என்று காலையில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தோப்பு போனவர் வீட்டில் போய் அகலை ஏற்றச் சொல்ல யாருக்கு மனசு வரும்? திருவாரூருக்குத் தேர் என்றால் நம் ஊருக்கு விளக்கு. அணையப்போன விளக்கின் திரியைத் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மகாபலியாகப் பிறந்தது என்று நம் கோயில் கதை. அதை நினைத்தெல்லாம் யாரும் ஏற்றியதாகத் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் எதிர்வீட்டில் திண்ணையில் இரண்டு அகல் வைத்தார்கள், வெளிச்சத்துக்காக. பிறகு பக்கத்து வீட்டில். எண்ணெய் தட்டுப்பாடு, வீட்டுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. தெரு முழுக்க வேறு வெளிச்சமே கிடையாதா, அந்த இரண்டிரண்டு விளக்கும் கடைசி வரை தெரிந்தன. பூக்கட்டுகிற அம்மாவின் மகள் வாசலில் நின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். வேறு யாரும் எதுவும் பேசவில்லை.

2019 பொங்கலுக்கு ரேஷன் கடையில் பச்சரிசி, சர்க்கரை, கரும்போடு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். பல வீடுகளில் அன்றைக்கு அதுதான் மொத்த வரும்படி. மார்கழியிலேயே தெருவில் பேசி வைத்துக்கொண்டோம்: சின்னப் பானை, சீர் வரிசை கிடையாது, எந்த வீடும் எந்த வீட்டுக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம். பொண்ணு கொடுத்த இடத்துக்குப் பொங்கல் சீர் அனுப்ப வேண்டாம் என்று ஊரே சேர்ந்து சொல்லிவிட்டதில் சில அப்பாக்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி இருக்கிறதே! புயல்தான் செய்ய வைத்தது என்றாலும், அதற்கு முன்பே செய்திருக்கலாம்.

இதையெல்லாம் மகளிடம் போனில் சொன்னேன், போன ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு முக்கால்வாசி தெரியாது. சீட்டுக் கதை மட்டும் நினைவிருந்தது. "துணிதான்னு முடிவு பண்ணதே நான்தான், தம்பி பட்டாசுதான் கேட்டான்" என்றாள்.

டிக்கெட்டுக்கு மனைவி வழி கண்டுபிடித்துவிட்டாள். தீபாவளிக்கு முன்னால் சென்னையிலிருந்து வருகிற வண்டியில்தான் இடமில்லை. இங்கிருந்து சென்னைக்குப் போகிற பஸ் எல்லாம் காலியாகத்தான் போகிறது. நாங்கள் இரண்டு பேரும் போய்விடுகிறோம். துணி பற்றிக் கவலைப்படாதே என்றும் சொல்லிவிட்டாள். மாசி மகத்துக்கே எடுத்துவிட்டாளாம், பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து, என்னிடம் சொல்லவில்லை. மகள் சிரித்தாள். "அந்துருண்டை போட்டீங்களாம்மா?"

நேற்று பரணிலிருந்து டின்னை இறக்கித் துடைத்தோம். சென்னைக்கு முறுக்கு அதில்தான் போக வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். டார்ச்சையும் மெழுகுவர்த்தியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, "நாம இல்லாதப்ப காத்து அடிச்சா, சாவி வாங்கிட்டு வர்ற எதிர்வீட்டுக்காரங்க இதையெல்லாம் எங்கன்னு தேடுவாங்க?" என்றாள்.

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு டின் வாங்கி வந்தேன்.